சேதாரம்

எங்கள் வீட்டில் தரையைக் கூட்டினால் குப்பையை வெளியே கொட்ட மாட்டோம். சேலம் சிவதாபுரத்தில் அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். சாயங்காலம் வேலை ஓய்ந்ததும் தண்ணீர் தெளிக்காமல், தூசி எழும்பாமல் கூட்டி, அள்ளியதை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடிவைப்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் வேலை. அரம் ராவிய தூள், கம்பி நறுக்கிய துணுக்கு, கரி, தலைமுடி எல்லாம் கலந்து கிடக்கும். கை கழுவுகிற தொட்டியின் தண்ணீர்கூட அடிமண்டி தங்கிய பிறகுதான் சாக்கடைக்குப் போகும்.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார். அப்பா கொலுசை நிறுத்துக் கொடுப்பார். நடுவில் குறைவதற்குப் பெயர் சேதாரம். பேசி வைத்த அளவுக்கு மேல் குறைந்தால் கூலியில் கழிப்பார்கள். அதனால் அப்பாவுக்கு வெள்ளி என்றால் முதலில் கணக்கு, பிறகுதான் பளபளப்பு. இந்தக் கணக்கு என் ஆராய்ச்சிக்குள் வந்து நிற்கும் என்று நான் அப்போது நினைத்ததில்லை.

2012ல் எம்.ஃபில். சேர்ந்தேன். இப்போது அந்தப் படிப்பே இல்லை. அன்று எங்கள் வேதியியல் துறையில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒரே மாதிரியான தலைப்பு: ஒரு செடியின் இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்கள் தயாரித்தல். பசுமைத் தொகுப்பு என்பார்கள். தமிழ்நாட்டில் அந்த வருடங்களில் இதைச் செய்யாத கல்லூரி குறைவு என்றே சொல்வேன். அதற்குக் காரணம் இருந்தது. பெரிய கருவி வேண்டாம், நச்சுக் கரைப்பான் வேண்டாம், அடுப்பு, வடிதாள், ஒரு கைப்பிடி இலை போதும். செடி எங்கள் காலடியில் இருந்தது. கிராமத்துக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் நானோ அறிவியலுக்குள் நுழைவதற்கு இதைவிட அகலமான வாசல் அன்று இல்லை. அந்த வாசலை நான் இன்றும் மதிக்கிறேன்.

கைடு முதல் நாளே படிக்கக் கொடுத்தது புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் 2004ல் வெளியிட்ட கட்டுரை. வேப்பிலையைக் கொதிக்க வைத்த நீரில் வெள்ளி உப்பையும் தங்க உப்பையும் கலந்து துகள்களை உண்டாக்கியிருந்தார்கள். அதே ஆண்டில் அதே குழு எலுமிச்சைப் புல்லின் சாற்றில் முக்கோண வடிவத் தங்கத் தகடுகளை வளர்த்துக் காட்டியது. 2010ல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் குப்பைமேனி இலையை வைத்து வெள்ளித் துகள் தயாரித்து, தண்ணீரில் பரவும் கிருமிகள் மேல் சோதித்திருந்தார்கள். வேம்பு, துளசி, கீழாநெல்லி, குப்பைமேனி எல்லாம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. நான் ஆவாரையைக் கேட்டேன்.

ஆவாரம் பட்டையை வைத்துத்தான் ஒரு காலத்தில் நம் பக்கம் தோல் பதனிட்டார்கள். பட்டையில் இருக்கும் டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கும். அதே டானின் வகைச் சேர்மங்கள் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கவும் தயங்காதவை. கரைசலில் திரியும் வெள்ளி அயனி ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் வெள்ளி அணு ஆகிவிடும். அணுக்கள் கூடித் துகளாகும். துகள் பெருத்துக் கட்டியாவதற்குள் இலையின் புரதமும் பாலிபீனாலும் அதன் மேல் ஒட்டிப் போர்த்திவிடும். ஒடுக்குவதும் அதுவே, காப்பதும் அதுவே. ஆய்வகத்தில் இதற்கு இரண்டு தனி ரசாயனங்கள் தேடுவார்கள். இலை இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

கல்லூரிக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஆவாரை அடர்ந்து கிடந்தது. காலையில் பறித்துக் குழாய்த் தண்ணீரில் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவினேன். 10 கிராம் இலையைப் பொடியாக நறுக்கி 100 மில்லி நீரில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வாட்மேன் தாளில் வடித்தேன். கூம்புக் குடுவையில் 90 மில்லி வெள்ளி நைட்ரேட் கரைசல், ஒரு மில்லிமோலார் செறிவு. லிட்டருக்கு 0.17 கிராம் உப்புதான், நாக்கு நுனியில் எடுக்கிற அளவு. அதில் 10 மில்லி சாற்றை ஊற்றினேன்.

ஊற்றியதும் ஒரு நொடி, கழுநீர் கலந்தது போல் லேசாக வெளுத்தது. நான் அதைப் பார்த்தேன். ஆனால் குறிக்கவில்லை. எல்லோரும் பழுப்புக்காகத்தான் காத்திருந்தோம்.

அது வந்தது. முதலில் வெளிர் மஞ்சள், பிறகு தேன், பிறகு காய்ச்சிய பனங்கருப்பட்டிப் பாகு. ஒரு மணி நேரத்துக்குள் குடுவை முழுக்க நிறம் ஏறிவிட்டது. வெள்ளி இவ்வளவு சிறிதாகும்போது அதன் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, 420 நானோமீட்டரை ஒட்டிய ஊதா, நீலப் பகுதியை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகவும் பழுப்பாகவும் வருகிறது. தங்கம் என்றால் இதே காரணத்தால் சிவக்கும். ஃபாரடே 1857ல் லண்டனில் அந்தச் சிவப்பைக் காட்டிப் பேசினார். அவர் தயாரித்த தங்கக் கரைசல் இன்னும் அங்கே புட்டியில் இருக்கிறது.

ஒரு சிறு புட்டியில் கொஞ்சம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளின்னா வெள்ளையாத்தானே இருக்கோணும். இது மஞ்சளா இருக்குதே, செம்பு கலந்திருக்குதா?"

"இல்லீங்கப்பா. சுத்த வெள்ளிதான். ரொம்பச் சின்னதா இருக்கறதால அப்படித் தெரியுது."

"எவ்ளோ சின்னது?"

நான் தாளில் போட்டுக் காட்டினேன். ஒரு கிராம் வெள்ளியை 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் அத்தனை உருண்டைகளின் மேல்பரப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 300 சதுர அடி வரும். அப்பா நிமிர்ந்து பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் பட்டறை அவ்வளவு இருக்காது. வாழ்நாள் முழுக்க வெள்ளியைக் கம்பியாக இழுத்தவர், ஒரு கிராமை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பது அவர் கைக்குத் தெரியும். அதனால் நான் சொன்னதை நம்பினார். லேசர் விளக்கைப் புட்டிக்குள் அடித்தபோது கரைசலுக்குள் சிவப்புக் கோடு ஒன்று நீளமாகத் தெரிந்தது. பக்கத்தில் வெறும் தண்ணீர் டம்ளரில் அந்தக் கோடு தெரியவில்லை. துகள் இருக்கிறது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி இல்லை. அப்பா மூன்று தடவை அடித்துப் பார்த்தார்.

பிறகு என் விரல்களைப் பார்த்தார். வெள்ளி நைட்ரேட் பட்ட இடமெல்லாம் கறுத்திருந்தது. அவர் விரலும் அப்படித்தான். சோப்புக்குப் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். ஒன்றும் சொல்லவில்லை, தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

துகளைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, கழுவி, உலர்த்தி, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர்ச் சோதனை) எடுக்கச் சென்னைக்கு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து வந்தது. வெள்ளி உலோகத்துக்குரிய கோணங்களில், 38.1, 44.3, 64.4, 77.4 பாகைகளில் முகடுகள் அழகாக நின்றன. ஆனால் அவற்றோடு 27.8, 32.2, 46.2 என்று கேட்காமல் வந்த மூன்று முகடுகள். 32.2ல் இருந்தது வெள்ளியின் முதல் முகட்டைவிட உயரம்.

படித்த கட்டுரைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒன்றல்ல, பலவற்றில் அதே இடங்களில் அதே முகடுகள் இருந்தன. கீழே ஒரே மாதிரியான வாக்கியம்: இலையிலுள்ள கரிமச் சேர்மங்கள் துகளின் மேல் படிகமானதால் இவை தோன்றியிருக்கலாம். எனக்கும் அதே வாக்கியத்தை எழுதச் சொன்னார்கள். சமர்ப்பிக்க இரண்டு மாதம்தான் இருந்தது. சொன்னவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு ஐந்து பேரைக் கரையேற்ற வேண்டியிருந்தது. ஆனால் வேம்பிலும் துளசியிலும் ஆவாரையிலும் வெவ்வேறு கரிமச் சேர்மங்கள் இருக்கும்போது முகடு மட்டும் ஏன் ஒரே இடத்தில் வருகிறது? அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மொட்டை மாடியில் கழிவு வெள்ளியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். துணுக்குகளைத் திராவகத்தில் போட்டால் செம்பழுப்புப் புகை பொங்கும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, அப்படியும் இருமுவார். வெள்ளியும் செம்பும் கரைந்து நீலப்பச்சைத் தண்ணீராக நிற்கும். அதில் உப்புக் கரைசலை ஊற்றினால் செம்பு தண்ணீரிலேயே தங்கிவிட, வெள்ளி மட்டும் தயிர் போலத் திரண்டு கீழே இறங்கும். நூறு முறை பார்த்த காட்சி. அன்று ஊற்றிய முதல் நொடியில் அந்தத் தண்ணீர் வெளுத்ததைப் பார்த்தேன். கழுநீர் கலந்தது போல.

"அப்பா, உப்பு எவ்ளோ கொஞ்சமா இருந்தாலும் இப்படித் திரியுமா?"

"போர்த் தண்ணி பட்டாலே திரிஞ்சிரும் கண்ணு. அதுக்குத்தானே நல்ல தண்ணி தனியா வாங்கி வெச்சிருக்குது."

மறுநாள் காலை துறைக்கு ஓடிப்போய் தரவு அட்டவணையைப் புரட்டினேன். 27.8, 32.2, 46.2. வெள்ளி குளோரைடு. கரிமமும் இல்லை, படிகமான புரதமும் இல்லை, அப்பாவின் தயிர்தான் அது.

கணக்கு போட்டதும் எனக்கே திகைப்பாக இருந்தது. ஒரு மில்லிமோலார் வெள்ளி முழுவதையும் குளோரைடாக்க லிட்டருக்கு 35.5 மில்லிகிராம் குளோரைடு போதும். குடிநீரில் 250 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. குடிக்கத் தகுந்த தண்ணீரே என் குடுவை வெள்ளியை ஏழு மடங்கு திரிக்கும். நான் காய்ச்சி வடித்த நீரைத்தானே பயன்படுத்தினேன்? அப்படியானால் மிச்சம் இருப்பது இலை. அந்த ஓடையில் சாயத் தண்ணீர் ஓடும். பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பைக் கொட்டுவார்கள். அந்த மண்ணில் வேர் விட்ட ஆவாரை அதைத்தானே உறிஞ்சியிருக்கும்?

கஞ்சமலைக்குப் போனேன். மூலிகைக்குப் பேர்போன மலை. சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்குக் கூட்டம் வரும். அடிவாரத்தில் கல்லுக்கும் செம்மண்ணுக்கும் நடுவே, மழையைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத ஆவாரை பூத்து நின்றது. அதே எடை, அதே நீர், அதே நேரம். சாற்றை ஊற்றும்போது கண் கொட்டாமல் பார்த்தேன். வெளுக்கவில்லை. நேராக மஞ்சளுக்குப் போனது.

பழைய துகளில் பாதியை எடுத்து நீர்த்த அமோனியாவில் கழுவினேன். வெள்ளி குளோரைடு அமோனியாவில் கரைந்துவிடும், உலோகம் எளிதில் கரையாது. லேப் அட்டெண்டர் அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார். "அமோனியா ஊத்துன வெள்ளிய அப்படியே வெச்சுட்டு மட்டும் போயிராதம்மா. காஞ்சா வெடிக்கும். இப்பவே ஆசிட் விட்டு முறிச்சிரு." முப்பது வருடமாகக் குடுவை கழுவியவர் சொன்ன இந்த எச்சரிக்கை நான் படித்த செய்முறைக் குறிப்பு எதிலும் இல்லை. இரண்டு மாதிரிகளும் மீண்டும் சென்னைக்குப் போயின. அமோனியாவில் கழுவியதில் அந்த மூன்று முகடுகளும் இல்லை. கஞ்சமலை இலையில் செய்ததில் 32.2ல் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான்.

செடியின் பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு ரசாயனத்தின் புட்டியில் தூய்மை எவ்வளவு, கலப்பு என்ன என்று அச்சிட்டிருக்கும். இலையில் யார் அச்சிடுவார்கள்? எந்த மண், எந்தத் தண்ணீர், எந்த மாதம், பூப்பதற்கு முன்பா பின்பா என்பதை எடுத்தவள்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த ஊரில் அதே ஆவாரையைக் கொதிக்க வைக்கும் பெண்ணுக்கு என் முடிவு கிடைக்காது. அவள் தன் கையில் தவறு என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அதோடு நிற்கவும் முடியவில்லை. கணக்குப் புத்தி ஒருமுறை விழித்தால் அடங்காது. சென்ட்ரிஃபியூஜ் சுற்றிய பிறகு துகள் அடியில் உட்காரும். மேலே தெளிந்து நிற்கும் நீரைத் தொட்டியில் கொட்டிவிடுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஒருநாள் அந்த நீரில் உப்புக் கரைசலை இரண்டு சொட்டு விட்டேன். வெளுத்தது. அயனியாகவே நின்றுவிட்ட வெள்ளி அதில் இருந்தது.

அப்படியானால் கிருமிச் சோதனை? அகார் தட்டில் ஈ.கோலையைப் பரப்பி, குழி வெட்டித் துகளை விட்டால், குழியைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தின் விட்டம்தான் எங்கள் எல்லோருடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். நான் அதே தட்டில் இன்னும் மூன்று குழி வெட்டினேன். ஒன்றில் தெளிந்த மேல்நீர், ஒன்றில் வெறும் வெள்ளி நைட்ரேட், ஒன்றில் வெறும் இலைச்சாறு. மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தபோது சாற்றைச் சுற்றி வட்டமே இல்லை. மற்ற மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே வட்டம். கழுவாத துகள் கொன்றதா, அதோடு ஒட்டிவந்த அயனி கொன்றதா என்று அந்தத் தட்டு சொல்லவில்லை. மும்முறை கழுவிய துகளுக்கு வட்டம் சுருங்கியது. சுருங்கிய வட்டத்தைத்தான் ஆய்வேட்டில் போட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார், பிறகு மேல்நீர்ப் படத்தைக் காட்டி, இந்தக் குழியை வெட்ட எப்படித் தோன்றியது என்று கேட்டார். எங்கள் வீட்டில் கை கழுவிய தண்ணீரையும் கொட்ட மாட்டோம் ஐயா என்றேன்.

பசுமை என்ற சொல்லோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அமெரிக்க வேதியியலாளர்கள் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998ல் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு நெறிகள் வகுத்தார்கள். கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட உண்டாகாமல் தடுப்பது மேல் என்பது முதல் நெறி. இலைச்சாறு அந்த நெறிக்கு உண்மையாகவே உதவுகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் செய்முறை வெள்ளி நைட்ரேட் புட்டியின் மூடியைத் திறப்பதில் தொடங்குகிறது. அந்தப் புட்டிக்குள் இருப்பது நைட்ரிக் அமிலத்தில் கரைத்த வெள்ளி. யாரோ ஒருவர் எங்கோ அந்தப் பழுப்புப் புகைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருக்கிறார். முடிவில் தொட்டியில் கொட்டுகிற நீர் ஓடைக்குப் போகிறது. மிகச் சிறிய அளவு வெள்ளி அயனியே மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் நஞ்சு. இரண்டு முனையையும் கணக்கில் எடுக்காமல் நடுவில் இருக்கும் இலையை மட்டும் காட்டிப் பசுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று என் மாணவிகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அப்போது துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, ஆய்வகத்தில் ஒரு பழுப்பு ஜாடி வைத்தேன். வெள்ளி கலந்த எந்தத் தண்ணீரும் தொட்டிக்குப் போகக் கூடாது, ஜாடிக்குத்தான். வாரக் கடைசியில் உப்பு போட்டுத் தயிரை இறக்கி, வடித்துக் காயவைப்பேன். வெளிச்சம் பட்டு அது ஊதாவாகி, கறுத்துப் பொடியாகும். 25 கிராம் நைட்ரேட் புட்டி ஒன்று முழுதாகத் தீரும்வரை ஐந்து பேரும் இதைச் செய்தோம். பிறகு அந்தப் பொடியை அப்பாவிடம் கொண்டுபோனேன்.

அவர் சலவைச் சோடாவையும் வெங்காரத்தையும் கலந்து, உருக்கும் குகையில் போட்டு உலையில் வைத்தார். கசடு நுரைத்து அடங்கியதும் அடியில் வெள்ளி ஒரு துளியாகத் திரண்டு, அசைத்தால் ஓடியது. ஆறவைத்துக் கசடை உடைத்து, துளியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். பல் போல வெளுத்திருந்தது. தராசில் வைத்தார். 9 கிராம் 400 மில்லி.

"புட்டியில எத்தன வெள்ளி இருந்துச்சு?"

"25 கிராம்ல 15 கிராம் 900 மில்லி வெள்ளிங்கப்பா."

"மீதி?"

சொன்னேன். ஃபிரிட்ஜில் இருக்கும் மாதிரிப் புட்டிகளில் கொஞ்சம். சென்னைக்குப் போன பொடியில் கொஞ்சம். அகார் தட்டுகளோடு கொதித்துப் போனது கொஞ்சம். ஜாடி பழகும் முன்பு மறந்துபோய்த் தொட்டியில் கொட்டியது கொஞ்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை சொல்லிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் இரண்டு கிராமுக்குக் கணக்கு வரவில்லை.

அப்பா துளியைச் சின்னத் தாளில் பொட்டலமாக மடித்தார். வியாபாரிக்குக் கொடுக்கும்போது எழுதுவது போலவே மேலே பென்சிலால் எடையையும் தேதியையும் எழுதினார். கீழே சேதாரம் என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"நீயே போட்டுக் கையெழுத்து வெய் கண்ணு. காலேஜு வெள்ளி."